காற்றுக்கு ரசீது

மாதம் முதல் தேதி, காலை பத்து மணிக்கு
முப்பந்தல் துணைமின்நிலையத்தில் மீட்டர் பார்ப்போம்.
வாரியத்துக்கு ஓர் ஆள், கம்பெனிக்கு நான்.
அவர் வாசிக்க நான் எழுதுவேன்
நான் வாசிக்க அவர் எழுதுவார்.
ஆனி மாதம். கண்ணாடியெல்லாம் செம்மண்.
தாள் பறந்துவிடாமல் ஒரு ஸ்பேனரை மேலே வைத்து
இருவரும் கையெழுத்துப் போடுவோம்.

ஆயிரம் யூனிட்டுக்கு ஒரு சான்றிதழ்.
மிச்சம் எழுநூற்றுப் பன்னிரண்டு
அடுத்த மாதக் கணக்கில் சேரும்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில்
டெல்பின் சார் எனக்கு இதைப் பாலில் வைத்துச் சொன்னார்:
கம்பியில் போவது மோர்.
வெண்ணெய் தனி. அது கணினியில் போகும்.
வெண்ணெயை வாங்கியவன்தான்
காற்றில் ஓடுகிறேன் என்று சொல்லிக்கொள்ளலாம்.
அன்று இரவு
ஆரல்வாய்மொழியில் என் வீட்டு பல்பைப் பார்த்தேன்.
நூறடி தள்ளி நாற்பத்தேழாம் எண் காற்றாலை
கூரைமேல் நிழலைச் சுற்றுகிறது.
பல்பு எரிகிறது, மோரில்.

தோவாளையில் பஸ் நிற்கும்போது
பிச்சியை ஏலம் கூறுவது கேட்கும்.
முகூர்த்தத்துக்கு முந்தின நாள் ஒரு விலை,
மறுநாள் மத்தியானம் மாட்டுக்கு.
எங்கள் சந்தை மாதக் கடைசிப் புதன்கிழமை.
அங்கே பூ இல்லை, காற்றும் இல்லை,
எண்கள் மட்டும் வாடாமல் உட்கார்ந்திருக்கும்.
முன்பெல்லாம் ஒரு சான்றிதழுக்கு
ஆயிரத்துத் தொண்ணூற்றைந்து நாள் ஆயுள்.
இப்போது விற்கும்வரை சாவு கிடையாது.
விற்றதும் ஓய்வு கொடுத்துவிடுவார்கள்.
ஓய்வூதியம் இல்லாத ஓய்வு
என்று சிரிப்பார் டெல்பின் சார்.
அவருக்கு இன்னும் எட்டு மாதம்.

பழைய கோப்பு ஒன்று அலமாரியில் இருக்கிறது.
கரிக்கணக்குத் தணிக்கைக்கு வந்தவர் கேட்ட கேள்வி:
இந்தப் பணம் வராதென்றால்
இந்த ஆலையை நட்டிருப்பீர்களா?
பதில் தட்டச்சில் இருக்கிறது: மாட்டோம்.
நட்டிருப்போம் என்றால் காசு இல்லை.
அவர் போகும்போது தொப்பி பறந்து
பொய்கை அணைப் பக்கம் போய்விட்டதாம்.
அது கோப்பில் இல்லை.

ஆடி பதினொன்று, இரவு ஒன்றே முக்கால்.
கணவாய் வாயைத் திறந்து ஊதுகிறது.
வாசல் தகரம் ஒன்று கழன்று தெருவில் ஓடுகிறது.
சென்னையிலிருந்து போன்:
லைன் தாங்காது, இருபது மெகாவாட் குறையுங்கள்.
ஒவ்வொன்றாக நிறுத்தினோம்.
இறக்கைகள் விளிம்பைத் திருப்பிக்கொண்டு
கூட்டத்துக்கு வழிவிடுகிறவர்கள் மாதிரி நின்றன.
பதிவேட்டில் எழுதினேன்:
காற்று வேகம் பதினாலு. உற்பத்தி பூஜ்யம்.
காரணம்: மேலிட உத்தரவு.
விடியும்வரை வந்த காற்றுக்கெல்லாம்
ரசீது கிடையாது.
அது பாட்டுக்குத் திருநெல்வேலிப் பக்கம் போயிற்று.

தம்பி ஜெரின் அரியலூரில் சிமெண்ட் ஆலையில் இருக்கிறான்.
வாங்கியவர்கள் பட்டியலில் ஒரு மாதம்
அவன் கம்பெனிப் பெயர் வந்தது.
நாலாயிரத்து இருநூறு சான்றிதழ்.
போனில் சொன்னேன்.
அப்படியா, அதான் கேட்டில் பச்சைப் போர்டு வச்சிருக்கான்,
என்று சொல்லிவிட்டு இருமினான்.
நிலக்கரி லாரி இன்னும் வருதா?
வராம? நைட் ஷிப்டுக்கு முப்பது லாரி.
சட்டையைத் தண்ணியில போட்டா தண்ணி எழுந்திருக்காது எக்கா,
கட்டியாயிடும்.
அவனே அதற்குச் சிரித்தான்.

உங்க காத்து எப்படி இருக்கு, காட்டேன் என்றான்.
பால்கனிக்குப் போய்
போனை வெளியே நீட்டிப் பிடித்தேன்.
நாற்பத்தேழு மறுபடி சுற்றிக்கொண்டிருந்தது.
கை வலிக்கும்வரை பிடித்தேன்.
எடுத்துக் காதில் வைத்தால்
கத்திக்கொண்டிருக்கிறான்:
ஒண்ணுங் கேக்கல எக்கா,
ஒரே காத்து,
உள்ள போயிப் பேசு.